கிராக்மியில் சிக்கிக்கொண்டால்: அறிகுறிவாரியாக ஒரு வழித்துணை

ரிவர்ஸ் எஞ்சினியரிங் பழக வருபவர்கள் முதலில் கையில் எடுப்பது கிராக்மி. 'உடைத்துப் பாருங்கள்' என்று சொல்லி, பயிற்சிக்கென்றே எழுதிக் கொடுக்கப்படும் சின்ன நிரல் அது. ஓடவிட்டால் கடவுச்சொல் கேட்கும், தப்பாகக் கொடுத்தால் 'தவறு' என்று சொல்லி மூடிக்கொள்ளும். மூல நிரல் இல்லாமலே, அது எதை எப்படிச் சோதிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இதில் சிக்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் 'எனக்கு அசெம்பிளி போதாது' என்பார்கள். அசெம்பிளி என்றால் செயலி, அதாவது ப்ராசஸர், புரிந்துகொள்ளும் கட்டளைகளை எழுத்தாக்கிய மொழி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். கோப்பு 32 பிட் என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நிரலை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் டிபக்கர் காட்டும் முகவரியும், ஓடவிடாமலே அதை அசெம்பிளியாக்கும் டிஸ்அசெம்பிளர் காட்டும் முகவரியும் ஒன்று என்று நினைத்திருப்பார்கள். கையில் இருப்பது இன்னது என்று மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைச் சரிபார்க்காமலே பத்து அடி போயிருப்பார்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், எந்த நினைப்பைச் சோதிக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். யாரோ எழுதிய பைனரியை, அதாவது ஓடத் தயாரான நிரல் கோப்பை, சொந்தக் கணினியில் நேராக ஓடவிட வேண்டாம். மெய்நிகர் கணினி ஒன்றில், நெட்வொர்க்கை அணைத்து, அதன் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். அப்புறம், இங்கே சொல்வதெல்லாம் உடைக்கச் சொல்லியே கொடுத்த கோப்புகளுக்கு. விலைக்கு விற்கும் மென்பொருளின் உரிமச் சோதனையை உடைப்பது வேறு சங்கதி, அதற்குச் சட்டப் பிரச்சினை உண்டு.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் ஓட மறுக்கிறது

லினக்ஸில் வரும் பிழைச்செய்தியை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்றால் ஓடும் அனுமதி இல்லை, சிஎச்மோட் கட்டளையால் கொடுத்துவிடலாம். 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்றால் அது வேறு வகைச் செயலிக்கான பைனரி, உங்கள் கணினி இன்டெல் வகையாக இருக்கும், கோப்பு ஆர்ம் வகையாக இருக்கும். அதற்கு, வேறு செயலியைப் போல நடிக்கும் கியூஎமு என்ற மென்பொருள் வேண்டும்.

குழப்புவது மூன்றாவது செய்திதான்: 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை போட்டால் கோப்பு தெரிகிறது, ஓடச் சொன்னால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. காணாமல் போனது உங்கள் கிராக்மி இல்லை, அதை மெமரியில் ஏற்றிவைக்கும் லோடர். 64 பிட் லினக்ஸில் 32 பிட் பைனரியை ஓடவிடும்போது இது அடிக்கடி வரும். 32 பிட் சி நூலகத்தை நிறுவினால் சரியாகிவிடும்.

இவற்றில் பின்னிரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடும் கட்டளை ஒன்று இருக்கிறது: ஃபைல். எத்தனை பிட், எந்தச் செயலி, குறியீட்டுப் பெயர்கள் நீக்கப்பட்டிருக்கிறதா, முகவரி நிலையானதா மாறக்கூடியதா என்று ஒரே வரியில் காட்டும். அந்த வரியை நோட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் நான் அடுத்த வேலைக்குப் போவேன். விண்டோஸ் கோப்பு என்றால் டிடெக்ட் இட் ஈஸி அதே வேலையைச் செய்யும்.

ஸ்டிரிங்ஸ் கட்டளையில் கடவுச்சொல் சிக்கவில்லை

மிக எளிய கிராக்மிகளில் கடவுச்சொல் அப்படியே எழுத்தாகக் கிடக்கும், கோப்பில் உள்ள படிக்கக்கூடிய எழுத்துகளைக் காட்டும் ஸ்டிரிங்ஸ் கட்டளை அதைக் கொடுத்துவிடும். அது கிடைக்காதபோது நான்கு சாத்தியங்களைப் பாருங்கள்.

முதலாவது, விண்டோஸ் நிரல்கள் பல எழுத்துகளை யுடிஎஃப்-16 முறையில் வைக்கும். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பின்னால் ஒரு பூஜ்ஜியம் நிற்கும். ஸ்டிரிங்ஸ் கட்டளை இயல்பாகத் தொடர்ச்சியான 4 எழுத்துகளைத்தான் தேடும், இடையில் பூஜ்ஜியம் வந்தால் விட்டுவிடும். அந்தக் கட்டளைக்கே 16 பிட் எழுத்தைத் தேடச் சொல்லும் விருப்பம் உண்டு, அதைப் போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள்.

இரண்டாவது, சொல் ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரியில், துண்டுதுண்டாகக் கட்டப்படுவது. டிஸ்அசெம்பிளியில் 65666173 என்று ஒரு ஹெக்ஸ் (16ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்ணை ஸ்டாக்கில் எழுதும் வரி தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் மாதிரி தெரிந்தாலும், எல்லாப் பைட்டும் 61க்கும் 7Aக்கும் நடுவே இருப்பது சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி முறையில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள் இருக்கும் இடம் அது. இன்டெல் செயலி கடைசிப் பைட்டை முதலில் வைக்கும். ஆகவே மெமரியில் வரிசை 73, 61, 66, 65. எழுத்தாக்கினால் எஸ், ஏ, எஃப், இ: 'சேஃப்'. இடமிருந்து வலமாகப் படித்தவர்களுக்குத் தலைகீழாகத்தான் கிடைத்திருக்கும்.

மூன்றாவது, எக்ஸ்ஓஆர்: இரண்டு எண்களின் பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் மட்டும் 1 போடும் கணக்கு. அதே சொல்லை 42 என்ற ஹெக்ஸ் சாவியால் மறைத்தால் 31, 23, 24, 27 என்று ஆகிவிடும். எழுத்தாகப் பார்த்தால் ஒரு 1, பிறகு மூன்று குறிகள். ஸ்டிரிங்ஸ் அதைக் காட்டினாலும் கண் தாண்டிப் போய்விடும். அடையாளம் இதுதான்: சின்ன லூப் ஒன்று, ஒவ்வொரு பைட்டாக எடுத்து, ஒரு மாறாத எண்ணோடு எக்ஸ்ஓஆர் செய்து, திரும்ப வைக்கும். அந்தப் பைட்டுகளை அதே எண்ணோடு இன்னொரு முறை எக்ஸ்ஓஆர் செய்தால் பழைய சொல் வந்துவிடும். காகிதத்திலேயே செய்து பார்க்கலாம்: 31ஐ 42ஓடு செய்தால் 73. ஒரு முறையாவது கையால் செய்யுங்கள். பிறகு எந்த பைனரியில் இந்த லூப்பைப் பார்த்தாலும் கண் தானாக நிற்கும்.

நான்காவது, பைனரியே சுருக்கப்பட்டிருப்பது. படிக்கக்கூடிய எழுத்து கிட்டத்தட்ட எதுவுமே இல்லை, வெளியிலிருந்து அழைக்கும் ஃபங்ஷன்கள் இரண்டு மூன்றுதான், பிரிவுகளின் பெயரில் யுபிஎக்ஸ் என்று இருக்கிறது என்றால், சுருக்கப் பயன்பட்ட யுபிஎக்ஸ் கருவியின் விரிக்கும் விருப்பமே போதும். அது விரிக்க மறுத்தால் எழுதியவர் தலைப்பை வேண்டுமென்றே கெடுத்துவைத்திருக்கலாம். அந்த மாதிரிக் கோப்பைத் தொடக்கத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதில் தவறே இல்லை.

கிட்ராவில் திறந்தேன், மெயின் ஃபங்ஷனைக் காணோம்

கிட்ரா, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019 மார்ச்சில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்ட கருவி; பைனரியை அசெம்பிளியாகவும் சி போன்ற நிரலாகவும் காட்டும். இன்று தொடக்கநிலைப் பயிற்சிக்கு அதுவே போதும். ஆனால் பெயர்கள் நீக்கப்பட்ட பைனரியில் நிரலின் வேலை தொடங்கும் ஃபங்ஷனான மெயினை அதனால் பெயர் சொல்லிக் காட்ட முடியாது, வெறும் எண்களைப் பெயராக வைத்த ஃபங்ஷன்கள் வரிசையாக நிற்கும்.

லினக்ஸ் பைனரியில் என்ட்ரி என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே லிப்சி ஸ்டார்ட் மெயின் என்ற ஃபங்ஷனை அழைப்பார்கள். அதற்குக் கொடுக்கும் முதல் அளவுருதான் மெயினின் முகவரி. 64 பிட் லினக்ஸில் முதல் அளவுரு ஆர்டிஐ என்ற ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) போகும். ஆகவே அந்த அழைப்புக்குச் சற்று மேலே ஆர்டிஐக்குள் என்ன ஏற்றுகிறார்கள் என்று பார்த்தால் முடிந்தது. விண்டோஸில் இந்த வழி ஒத்துவராது, அங்கே முதல் அளவுரு ஆர்சிஎக்ஸில் போகும். அங்கே எனக்குப் பிடித்த வழி பின்னாலிருந்து வருவது: 'தவறு' என்ற செய்தியைத் தேடி, அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால், சோதனை நடக்கும் ஃபங்ஷனின் நடுவிலேயே இறக்கிவிடும்.

ஃபங்ஷன்கள் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடந்தால் மொழியைச் சந்தேகியுங்கள். கோ, ரஸ்ட் மொழிகள் தங்கள் நூலகத்தையும் பைனரிக்குள்ளேயே வைத்துவிடும். டாட்நெட் என்றால் கிட்ராவை மூடிவிட்டு ஐஎல்ஸ்பையில் திறங்கள், மூல நிரலுக்கு மிக அருகில் கிடைக்கும். பைஇன்ஸ்டாலர் கொண்டு கட்டியது என்றால் உள்ளே பைதான் பைட்கோடு இருக்கும், அதை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. இதைக் கவனிக்காமல் பைதான் இன்டர்பிரட்டரையே வாரக்கணக்கில் அசெம்பிளியில் படித்தவர்கள் உண்டு.

பிரேக்பாயிண்ட் வைத்தேன், நிற்கவே இல்லை

பிரேக்பாயிண்ட் என்பது ஓடும் நிரல் நிற்க வேண்டும் என்று நாம் குறிக்கும் இடம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. கிட்ராவில் சோதனை ஃபங்ஷன் 101149 என்ற முகவரியில் இருக்கிறது. அதே எண்ணை ஜிடிபி என்ற லினக்ஸ் டிபக்கரில் கொடுக்கிறீர்கள். ஓடவிட்டால் அந்த மெமரியை அணுக முடியவில்லை என்கிறது.

இன்றைய கம்பைலர்கள் பெரும்பாலும் எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய பைனரியைத்தான் உருவாக்குகின்றன. அப்படிப்பட்ட லினக்ஸ் பைனரியைக் கிட்ரா 100000 என்ற ஹெக்ஸ் முகவரியில் ஏற்றியதாகப் பாவித்துக்கொள்ளும். ஜிடிபிக்குள் உண்மையில் ஓடும்போது அது வழக்கமாக 555555554000இல் ஏறும், ஏனென்றால் முகவரியைக் குலுக்கிப்போடும் வசதியை ஜிடிபி தானாகவே அணைத்துவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவானது தொடக்கத்திலிருந்து இருக்கும் தூரம் மட்டும்தான். 101149இல் 100000ஐக் கழித்தால் தூரம் 1149. அதை 555555554000உடன் கூட்டினால் 555555555149. பிரேக்பாயிண்ட் அங்கே வைக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் கூட்டிக்கழிக்க வேண்டாம். ஜிடிபியில் ஸ்டார்ட்ஐ கட்டளை கொடுத்தால் முதல் கட்டளையிலேயே நிரல் நின்றுவிடும். அப்போது இன்ஃபோ ப்ராக் மேப்பிங்ஸ் போட்டு, பைனரி எங்கே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு கிட்ராவின் மெமரி மேப் சாளரத்தில் அடிப்படை முகவரியை அதே எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கப்புறம் இரண்டு திரையிலும் ஒரே எண். விண்டோஸிலும் இதே கதைதான். 64 பிட் நிரலின் இயல்பான அடிப்படை 140000000, ஆனால் அது அங்கேதான் ஏறும் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் டிபக்கரான எக்ஸ்64டிபிஜியின் மெமரி மேப்பில் உண்மையான எண் இருக்கும். அந்தக் கருவியில் 32 பிட் கோப்பைத் திறக்க எக்ஸ்32டிபிஜி என்ற தனிப் பதிப்பு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

டீகம்பைலர் காட்டுவது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை

அசெம்பிளியை சி போன்ற நிரலாக மாற்றிக் காட்டும் டீகம்பைலர் தருவது ஊகம். அதை நீங்கள் திருத்தத் திருத்தத்தான் அது தெளியும். பலரும் வந்த கோலத்திலேயே படிக்கப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள்.

வழக்கமாக நடப்பது இது. பயனர் தட்டுவதை வாங்க 32 பைட் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அது ஒரே அணி என்று கிட்ராவுக்குத் தெரியாது. எட்டு எட்டு பைட்டாக நான்கு தனி மாறிகள் என்று காட்டும். வாங்குவது முதல் மாறியில், ஒப்பிடுவது மூன்றாவது மாறியில் என்று தெரியும்போது, 'மதிப்பே கொடுக்காத மாறியை எதற்கு ஒப்பிடுகிறார்கள்' என்ற கேள்வி வரும். முதல் மாறியின் மேல் நின்று கன்ட்ரோல் எல் அழுத்தி, அதன் வகையை 32 எழுத்து கொண்ட அணி என்று மாற்றுங்கள். நான்கும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், ஒப்பிடும் இடம் 'பதினேழாவது எழுத்து இதுவா' என்று படிக்கும்படி மாறும். எல் மட்டும் அழுத்தினால் பெயரை மாற்றலாம். புரிந்த ஒவ்வொன்றுக்கும் உடனே பெயர் வையுங்கள், தப்பான பெயராக இருந்தாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு சின்ன உறுத்தல்: கிட்ரா ஒரு மாறியை லோக்கல் 28 என்று சொல்லும், அசெம்பிளியில் அதே இடம் ஆர்பிபி (இன்னொரு ரெஜிஸ்டர்) கழித்தல் 20 என்று இருக்கும். பிழை இல்லை. கிட்ரா ஃபங்ஷனுக்குள் நுழைந்த கணத்து ஸ்டாக் முனையிலிருந்து அளக்கிறது, நடுவில் பழைய ஆர்பிபியைச் சேமித்த 8 பைட் வித்தியாசம்தான் அது.

66666667 என்ற ஹெக்ஸ் எண்ணால் பெருக்கி, மேல்பாதியை எடுத்து, வலப்பக்கம் 2 பிட் தள்ளினால் அது 10ஆல் வகுத்தல். வகுத்தல் கட்டளை மெதுவானது என்பதால் கம்பைலர் பெருக்கலாக மாற்றிவிடுகிறது. எண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் கிராக்மிகளில் இது அடிக்கடி வரும்.

தனியாக ஓடினால் ஒரு மாதிரி, டிபக்கருக்குள் வேறு மாதிரி

நிரல் உங்களைக் கவனிக்கிறது. விண்டோஸில் இஸ் டிபக்கர் பிரசன்ட் என்ற ஃபங்ஷன் அழைக்கப்படுகிறதா பாருங்கள். அது செய்வதெல்லாம் இயங்குதளம் வைத்திருக்கும் ஒரு அமைப்பில் ஒரு பைட்டைப் படிப்பதுதான். ஸ்கில்லாஹைட் செருகுநிரல் அந்தப் பைட்டைப் பூஜ்ஜியமாக்கிவிடும். லினக்ஸில் இதே வேலைக்குப் பிட்ரேஸ் என்ற அழைப்பு உண்டு: ஏற்கெனவே ஒரு டிபக்கர் பிடித்திருந்தால் அது -1 திருப்பும். அழைப்பு முடிந்த இடத்தில் நிறுத்தி, திருப்பிய மதிப்பு இருக்கும் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரைப் பூஜ்ஜியமாக்கினால் தாண்டிவிடலாம். ஒன்று கவனியுங்கள். சில கிராக்மிகள் பிட்ரேஸை இரண்டு முறை அழைக்கும், இரண்டாவது முறை -1 வந்தால்தான் ஒப்புக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பூஜ்ஜியமாக்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

டிபக்கரை மறைத்தும் வித்தியாசமாக நடந்தால், உங்கள் பிரேக்பாயிண்டே காரணமாக இருக்கலாம். சாதாரண பிரேக்பாயிண்ட், அந்த இடத்துப் பைட்டை மெமரியில் மாற்றி எழுதுகிறது. நிரல் தன்னைத் தானே கூட்டிச் சரிபார்த்தால் கணக்கு உதைக்கும். வன்பொருள் பிரேக்பாயிண்ட் எதையும் மாற்றாது. இன்டெல் வகைச் செயலியில் ஒரே நேரத்தில் 4 வைக்கலாம், கிராக்மிக்கு அது தாராளம்.

கடவுச்சொல் சரிதான், ஆனாலும் 'தவறு' என்கிறது

எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது இதில். எக்ஸ்ஓஆரை அவிழ்த்து, எட்டு எழுத்தையும் கண்டுபிடித்து, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டேன். நிரல் ஏற்கவில்லை. கடைசியில் ஒப்பிடும் இடத்தில் பிரேக்பாயிண்ட் வைத்து, ஆர்டிஐ சுட்டும் மெமரியைப் பைட் பைட்டாகப் பார்த்தபோது எட்டுக்குப் பின்னால் ஒன்பதாவதாக 10 (ஹெக்ஸில் 0A) என்ற மதிப்பு இருந்தது. வரிமுறிவு. எக்கோ கட்டளை வழியாக உள்ளே அனுப்பியிருந்தேன், அது வரியின் கடைசியில் ஒரு வரிமுறிவைச் சேர்த்துவிடும். நிரல் நீளத்தையும் சோதித்தது, 8க்குப் பதில் 9 வந்ததும் தள்ளிவிட்டது. பிரிண்ட்எஃப் கொண்டு அனுப்பியதும் திறந்துகொண்டது.

டெர்மினலில் அளவுருவாகக் கொடுக்கிறீர்கள் என்றால் இன்னொரு பொறி உண்டு. டாலர் குறி, ஆச்சரியக்குறி, பின்சாய்வு ஆகியவற்றை ஷெல் தானே விழுங்கிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்துக் கொடுங்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நீங்கள் அனுப்பியதாக நினைப்பதை விட்டுவிட்டு, நிரலின் கைக்குப் போய்ச் சேர்ந்ததை மெமரியில் பாருங்கள்.

ஒரு பைட்டை மாற்றினேன், 'சரி' என்று வந்துவிட்டது

சமமானால் தாவு என்ற குறுகிய கட்டளையின் பைட் ஹெக்ஸில் 74, சமமில்லாவிட்டால் தாவு என்பது 75. ஒன்றை மற்றொன்றாக்கினால் தவறான சொல்லுக்கு எல்லாம் கதவு திறக்கும். முதல் முறை அந்தத் திரையைப் பார்க்கும் மகிழ்ச்சி உண்மையானது, அனுபவியுங்கள். ஆனால் பெரும்பாலான கிராக்மிகளில் எழுதியவர் பேட்ச் செய்யக் கூடாது (கோப்பின் பைட்டை மாற்றக் கூடாது) என்றே குறிப்பிட்டிருப்பார், காரணம் உண்டு: சோதனையைத் தாண்டினீர்கள், படிக்கவில்லை. பேட்சை அழித்துவிட்டு, 'இந்த 74க்கு மேலே ஒப்பிடப்படும் இரண்டு மதிப்புகள் எங்கிருந்து வந்தன' என்று பின்னோக்கிப் போங்கள்.

மணிக்கணக்காகப் பார்த்தும் ஒன்றும் நகரவில்லை

முதலில் கோப்பின் கடினத்தைப் பாருங்கள். கிராக்மீஸ்.ஒன் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் கடின மதிப்பு இருக்கும். மிகக் குறைந்த மதிப்பு, சி மொழி, உங்களுக்குப் பழக்கமான இயங்குதளம் என்று மூன்றையும் வடிகட்டி எடுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் போட்டியின் பழைய ரிவர்சிங் கேள்விகளும் நல்ல படிக்கட்டு.

கோப்பு சரியான அளவுதான் என்றால், தெரிந்தது, ஊகிப்பது, சோதிக்க வேண்டியது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். மூன்றாவதில் எழுத எதுவும் இல்லை என்ற நிலை வந்தால் மட்டும் பிறர் எழுதிய தீர்வைத் திறக்கலாம் என்பது என் கருத்து. திறந்தாலும், உங்களுக்குத் தெரியாத முதல் வரியோடு மூடிவிடுங்கள். அந்த ஒரு வரிதான் உங்களைத் தடுத்தது, மிச்சத்தை நீங்களே முடிப்பீர்கள். இசட்3, ஆங்கர் போன்ற தானாகத் தீர்க்கும் கருவிகளை முதல் இருபது முப்பது கிராக்மிகளுக்குத் தள்ளிவையுங்கள்.

என் பெயருக்குச் சரி, மற்றவர் பெயருக்குத் தப்பு

பெயரிலிருந்து எண்ணை உருவாக்கும் கிராக்மிக்கு, அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும் கீஜெனைப் பைதானில் எழுதிவிட்டீர்கள். குட்டிப் பெயருக்கு வேலை செய்கிறது, நீளமான பெயருக்கு வேறு எண் வருகிறது. பைதான் எண்ணுக்கு எல்லை கிடையாது, நிரலின் ரெஜிஸ்டர் 32 பிட்டில் வழிந்து சுருண்டுவிடும். ஒவ்வொரு பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் பின் கீழ் 32 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. தமிழில் ஒரு பெயரைக் கொடுத்துப் பாருங்கள். யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், மூன்றும் 127ஐத் தாண்டியவை. நிரல் அவற்றை மூவ்எஸ்எக்ஸ் கட்டளையால் ஏற்றினால் எதிர்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும், மூவ்இசட்எக்ஸ் என்றால் நேர்ம எண்ணாக. ஆங்கிலப் பெயர்களில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எண் ஒத்துப்போகவில்லை என்றால் லூப்பின் முதல் ஏற்றும் வரிக்குத் திரும்புங்கள், அந்த எஸ் எழுத்தைத்தான் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள்.